கரண்ட் பில் திடீரென்று எகிறினால்: மீட்டரிலிருந்து மின்குறைதீர்ப்பாளர் வரை

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 1,500, 1,800 என்று கட்டிவந்த வீட்டுக்கு 5,000 ரூபாய் என எஸ்.எம்.எஸ். வந்தால் யாருக்கும் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். அந்தப் படபடப்போடு ஈ.பி. ஆபீசுக்குப் போனால் "நீங்க யூஸ் பண்ணியிருக்கீங்க, மீட்டர் ஓடியிருக்கு" என்ற பதிலோடு திரும்பி வருவீர்கள். கையில் கணக்கு இருந்தால் அதே மேசையில் பேச்சு வேறு மாதிரி நடக்கும். அந்தக் கணக்கைத் தயார் செய்வதற்குத்தான் இந்த வழிகாட்டி. தமிழ்நாட்டில் மின்வாரிய இணைப்பு உள்ள வீடுகளுக்காக எழுதப்பட்டது.

பில் எகிறும் இடங்கள் மூன்று: குறித்த ரீடிங், போட்ட கணக்கு, உண்மையில் ஓடிய கரண்ட். இந்த வரிசையிலேயே பாருங்கள். முதல் இரண்டுக்கும் காசு செலவில்லை, அரை மணி நேரம் போதும். மூன்றாவதுக்கு எலக்ட்ரீஷியன் தேவைப்படலாம். மீட்டரே கெட்டுப்போயிருப்பது நான்காவது சாத்தியம். எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான், ஆனால் மிக அரிதாக நடப்பதும் அதுவே.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. "பில் கட்டவில்லை, இன்று இரவு 9.30-க்கு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழைக்கவும்" என்று தனிநபர் செல் எண்ணோடு வரும் செய்தி மோசடி. அதிலுள்ள எண்ணை அழைக்காதீர்கள், லிங்க்கைத் தொடாதீர்கள், சொல்லும் ஆப்பை இறக்காதீர்கள். மின்வாரியத்தின் இணையதளத்திலோ ஆப்பிலோ உங்கள் மின் இணைப்பு எண்ணைப் போட்டு உண்மையான தொகையைப் பாருங்கள்.

முதல் வேலை: மீட்டருக்கு முன்னால் போய் நில்லுங்கள்

பில்லைக் கையில் வைத்துக்கொண்டு மீட்டர் பெட்டியைத் திறங்கள். மீட்டரின் மேல் பொறித்திருக்கும் எண்ணும், கணக்கிலோ அட்டையிலோ உள்ள மீட்டர் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்துப் பன்னிரண்டு மீட்டர்கள் ஒரே பலகையில் இருக்கும். பெயின்டால் எழுதிய வீட்டு எண் மாறிப்போயிருப்பது புதிதல்ல. சந்தேகம் இருந்தால் உங்கள் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எந்த மீட்டரின் சிவப்பு விளக்கு மின்னுவதை நிறுத்துகிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் மீட்டர்.

அடுத்து ரீடிங். டிஜிட்டல் மீட்டரின் திரையில் தேதி, நேரம், வோல்டேஜ், அதிகபட்ச லோடு என்று ஒவ்வொன்றாக மாறி மாறி வரும். அவற்றில் 'கே.டபிள்யூ.ஹெச்.' என்று பக்கத்தில் காட்டும் எண்தான் யூனிட். அதை மொபைலில் படம் எடுங்கள், மீட்டர் எண்ணும் சேர்ந்து தெரியும்படி. இன்றைய ரீடிங் பில்லில் உள்ள ரீடிங்கைவிடக் குறைவாக இருந்தால் வேலை முடிந்தது: குறித்தது தவறு. அந்தப் படத்தோடு பிரிவு அலுவலகம் போனால் போதும். அதிகமாக இருந்தால், ரீடிங் எடுத்த நாளிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று, எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு நாளைக்கு 8 யூனிட் ஓடும் வீட்டில் 5 நாளில் 40 யூனிட்டுக்குப் பதில் 3 யூனிட்தான் கூடியிருக்கிறது என்றால், எடுத்த ரீடிங் முன்கூட்டியே ஏற்றிக் குறிக்கப்பட்டிருக்கிறது.

அந்த இரண்டு மாதத்தில் மீட்டரை மாற்றியிருந்தால், பழைய மீட்டரின் கடைசி ரீடிங், புதிய மீட்டரின் தொடக்க ரீடிங் இரண்டும் கணக்கில் ஏறியிருக்கின்றனவா என்று கேளுங்கள். மீட்டரைக் கழற்றும் நாளில் இரண்டையும் படம் எடுத்து வைப்பது பின்னால் பெரும் தலைவலியை மிச்சப்படுத்தும்.

இரண்டாவது: எத்தனை நாளைக்கான பில்?

வீட்டு இணைப்புக்கான கட்டணப் படிகள் இரண்டு மாதத்தை அளவாக வைத்தவை. ரீடிங் எடுப்பவர் நான்கைந்து நாள் தாமதமாக வந்தால், அந்த நாட்களின் யூனிட்டும் இதே பில்லில் ஏறும். சில வீடுகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. 500 யூனிட் ஓரத்தில் நிற்கும் வீட்டுக்குப் பெரிய அடி விழும். ஏன் என்பதற்குப் படிக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

2024 ஜூலையில் திருத்திய விகிதப்படி வீட்டு இணைப்புதாரர் கையிலிருந்து கட்ட வேண்டியது இது. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய்விடும்: 101 முதல் 400 வரை முழுவதும் 4.70, 401 முதல் 500 வரை 6.30, 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55. கட்டணம் திருத்தப்படும்போது இந்த எண்கள் மாறும். உங்கள் பில் தேதிக்கு உரிய விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை இதுதான்.

இதன்படி 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு 243 ரூபாய்! 600 யூனிட்டுக்கு 2,880, 800-க்கு 4,770, 1,000-க்கு 6,870. 500 யூனிட் இரண்டு மடங்கானால் பணம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. "பில் டபுள் ஆயிடுச்சு, ஆனா நாங்க அவ்வளவு யூஸ் பண்ணலையே" என்று கேட்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் ரூபாயை ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது யூனிட்டை. போன முறை 480, இந்த முறை 620 என்றால் உபயோகம் கூடியது முப்பது சதவீதம்கூட இல்லை. பில்லோ 1,679-லிருந்து 3,069-க்குப் போயிருக்கும்.

இப்போது தாமதக் கணக்குக்கு வருவோம். தினம் 8 யூனிட் ஓடும் வீட்டில் 60 நாளில் 480 யூனிட், 1,679 ரூபாய். ரீடிங் 66-ஆம் நாள் எடுத்தால் 528 யூனிட், 2,275 ரூபாய். ஆறு நாளுக்கு ஏறக்குறைய 600 ரூபாய். இது உங்கள் தவறே அல்ல. முந்தைய ரீடிங் தேதி, இந்த ரீடிங் தேதி, நாட்கள், ஒரு நாளின் சராசரி யூனிட், 60 நாளுக்கு வர வேண்டிய தொகை ஆகிய ஐந்தையும் எழுதிக் கொடுத்துத் திருத்தம் கேளுங்கள்.

இதைவிடப் பெரிய சேதம் ரீடிங் எடுக்காமல் ஒரு முறை விட்டுப்போனால் நடக்கும். வீடு பூட்டியிருந்தது என்று முந்தைய தொகையையே போட்டுவிட்டு அடுத்த முறை நான்கு மாத யூனிட்டையும் சேர்த்து எடுப்பார்கள். 2020 ஊரடங்கின்போது ஆயிரக்கணக்கான வீடுகளில் பிரச்சினை கிளம்பியது இங்கேதான். நான்கு மாதத்தில் 800 யூனிட் ஓடியிருந்தால் இரண்டு 400-ஆகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 100 இலவச யூனிட்டும் உரிய படிகளும் தர வேண்டும்: 1,175 வீதம் 2,350 ரூபாய். பிரிக்காமல் ஒரே பில்லாகப் போட்டால் 4,770. முன்பு கட்டிய தொகையைக் கழித்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். ரூபாயை மட்டும் கழித்துவிட்டு யூனிட்டைப் பிரிக்காமல் விட்டிருந்தால் அது சரியான கழிவு ஆகாது.

யூனிட்டும் விகிதமும் சரியாக இருந்தும் தொகை இடித்தால், பில்லின் மற்ற வரிகளைப் படியுங்கள்: பழைய பாக்கி, தாமதக் கட்டணம், கூடுதல் வைப்புத்தொகை. கட்டண வகையையும் பாருங்கள். வீட்டுக்கு உரியது 1ஏ. வீடு கட்டும்போது வாங்கிய கட்டுமான இணைப்பைக் குடியேறிய பிறகும் மாற்றாமல் விட்டிருந்தாலோ, முன்னால் கடை இருந்த பகுதி இப்போது வீடாகியிருந்தாலோ, இலவச யூனிட்டே இல்லாத கூடுதல் விகிதத்தில் கட்டிக்கொண்டிருப்பீர்கள். வகை மாற்ற மனுவை இன்றே கொடுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரர் சொல்லும் தொகையை நம்பாமல் மெயின் மீட்டர் பில்லைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

மூன்றாவது: சிவப்பு விளக்கை எண்ணுவது

கணக்கு சரி என்றால் கரண்ட் உண்மையிலேயே ஓடியிருக்கிறது. எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்க மீட்டரே போதும். அதன் முகப்பில் '3200 இம்ப்' அல்லது '1600 இம்ப்' என்று இருக்கும். சிவப்பு விளக்கு அத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். 3200 மீட்டராக இருந்தால், இரண்டு மின்னலுக்கு இடையே எத்தனை நொடி என்று பார்த்து 1,125-ஐ அதனால் வகுங்கள். வருவது அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட். 1600 என்றால் 2,250-ஐ வகுக்க வேண்டும். ஒரு மின்னலை நம்பாமல், பத்து மின்னலுக்கு ஆகும் நேரத்தை எடுத்துப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு 90 நொடி ஆனால் ஒன்றுக்கு 9 நொடி, 125 வாட்.

வீட்டில் இருவர் இருக்கும்போது செய்யுங்கள். ஒருவர் மீட்டரிடம், ஒருவர் உள்ளே.

முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். இருபது நிமிடம் விளக்கு மின்னவே கூடாது. மின்னினால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே யாரோ ஒயர் எடுத்திருக்கிறார்கள், அல்லது மீட்டரில் கோளாறு. இரண்டுமே ஈ.பி. வேலை. மீட்டர் சீலைத் தொடவே தொடாதீர்கள். சீல் உடைந்திருந்தால் உங்கள் புகார் அங்கேயே செத்துவிடும், மின் திருட்டு என்று வழக்கு உங்கள் மேலேயே திரும்பும்.

மின்னவில்லை என்றால் மெயினைப் போட்டு, எல்லா எம்.சி.பி.யையும் (ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் உள்ள டிரிப் சுவிட்ச்) கீழே தள்ளி வைத்து மறுபடி பாருங்கள். இப்போது மின்னினால் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர், விவகாரம். மாடிக்கும் கீழுக்கும் தனித்தனி மீட்டர் வைத்த வீடுகளில் எலக்ட்ரீஷியன் இரண்டு பகுதியின் நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கியிருப்பார். பழைய வட்டு மீட்டர் அதைக் கண்டுகொள்ளாது. இன்றைய மீட்டர்கள் கரண்ட் வரும் பேஸ், திரும்பும் நியூட்ரல் இரண்டிலும் ஓடுவதை அளந்து அதிகமானதைக் கணக்கில் எடுக்கும். மாடியில் மோட்டார் போட்டால் கீழ் வீட்டு விளக்கு வேகமாக மின்னும். 'எர்த்' என்ற சிறு விளக்கும் எரியலாம். நியூட்ரலைப் பிரித்துத் தனித்தனியாக இழுப்பது ஒரு நாள் வேலை. இதைச் செய்யாமல் மீட்டரை எத்தனை முறை மாற்றினாலும் பில் குறையாது.

பிறகு எம்.சி.பி.யை ஒவ்வொன்றாக மேலே தள்ளி, ஒவ்வொரு முறையும் வாட்டைக் குறியுங்கள். எதுவும் ஓடாத சர்க்யூட் 50, 100 வாட் காட்டினால் அங்கே கசிவு. ஈரம் ஊறிய சுவருக்குள் இருக்கும் பழைய ஒயர், கீசர் காயில், தோட்டத்து லைட் ஜாயின்ட் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். அரை ஆம்பியர் கசிந்தாலே 115 வாட். இரண்டு மாதம் இடைவிடாமல் கசிந்தால் 165 யூனிட். பணத்தைவிட உயிருக்கு ஆபத்து என்பதால் உடனே சரிசெய்யுங்கள். கசிவு வந்தால் தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்திருந்தால் முதல் நாளே தட்டிவிட்டிருக்கும். இல்லாத வீட்டில் இதைச் சாக்காக வைத்தாவது போட்டுவிடுங்கள்.

கரண்டைத் தின்னும் பொருட்கள்

ஏ.சி.யைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி. சராசரியாக மணிக்கு 0.8 யூனிட் எடுத்தால் இரவு 8 மணி நேரம், 60 நாளில் 384 யூனிட். 300 யூனிட் வீட்டை அது ஒன்றே 684-க்குக் கொண்டுபோய்விடும். சித்திரை வைகாசியில் பில் எகிறக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கண்ணில் படாதவை வேறு. நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது தண்ணீர் மோட்டார். 1 எச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் 1 யூனிட் எடுக்கும். தினம் ஒரு மணி நேரம் ஓடினால் 60 யூனிட். குழாயின் அடியில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஃபுட் வால்வ் பிடிக்காமல் போய் இழுக்க நேரமெடுத்தாலோ, மேல் தொட்டி பால் வால்வ் கசிந்தாலோ, கிணற்றில் மட்டம் இறங்கினாலோ அதே தொட்டி நிரம்ப மூன்று மணி நேரம் ஆகும்: 180 யூனிட். தொட்டி காலியாக இருக்கும்போது போட்டு நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். இரவு எல்லாக் குழாயையும் மூடி, காலையில் தொட்டி மட்டம் இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது இன்வெர்ட்டர் பேட்டரி. நான்கைந்து வருடமான பேட்டரி முழு சார்ஜ் ஆகாமல் ராத்திரி பகலாக இழுத்துக்கொண்டே இருக்கும். கையை வைத்தால் சுடும், டிஸ்டில்டு வாட்டர் அடிக்கடி குறையும். 150 வாட் தொடர்ந்து இழுத்தால் இரண்டு மாதத்தில் 216 யூனிட். கரண்ட் போகாத நாளில் இன்வெர்ட்டரின் பிளக்கை எடுத்துவிட்டு மீட்டர் மின்னலை எண்ணினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஃப்ரிட்ஜ் கதவு ரப்பருக்கு நடுவே ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் போய்விட்டது, கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும். கீசரை அணைக்காமல் விடுவது, செட்டாப் பாக்ஸை எப்போதும் ஆனில் வைப்பது போன்றவை சிறுசிறு தொகைகள். 15 வாட் செட்டாப் பாக்ஸ் இரண்டு மாதத்தில் 21 யூனிட் எடுக்கும். ஆனால் ஃபேன் சிறு தொகை இல்லை. 75 வாட் பழைய ஃபேன் நான்கு, தினம் 15 மணி நேரம் ஓடினால் 270 யூனிட். 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக இருந்தால் 108. ஏ.சி.க்கு அடுத்து பணம் போட்டு மாற்றத் தகுந்தது ஃபேன்தான்.

நான்காவது: மீட்டர் மீதே சந்தேகமா?

வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். 1,000 வாட் வாட்டர் ஹீட்டர் கம்பியை வாளித் தண்ணீரில் முழுக்கி, மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஓடவிடுங்கள். (ஓடும்போது தண்ணீரைத் தொடக் கூடாது, பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது.) 3200 மீட்டர் நிமிடத்துக்கு 53 முறை மின்ன வேண்டும். ஆனால் அது 230 வோல்ட்டுக்கு. மீட்டர் திரை 210 வோல்ட் காட்டினால் ஹீட்டர் 834 வாட்தான் எடுக்கும், 44 முறை மின்னினால் சரி. இந்த வோல்டேஜ் திருத்தத்தைச் செய்யாமல் முடிவுக்கு வராதீர்கள். இஸ்திரிப் பெட்டி தெர்மோஸ்டாட்டால் விட்டுவிட்டு எரியும், சோதனைக்கு உதவாது. ஹீட்டரின் வாட்டே சற்று முன்பின் இருக்கும் என்பதால் ஐந்து, பத்து சதவீத வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம். இருபது சதவீதத்துக்கு மேல் கூடுதலாக மின்னினால் மீட்டர் சோதனை கேளுங்கள்.

அதற்குப் பிரிவு அலுவலகத்தில் எழுத்துப்பூர்வ மனுவும் சோதனைக் கட்டணமும் தர வேண்டும். மீட்டர் அனுமதித்த அளவைத் தாண்டிப் பிழையாக ஓடுவது உறுதியானால் கட்டணம் திரும்ப வரும், பில்லும் திருத்தப்படும். மீட்டர் பழுதான காலத்துக்கு, அது சரியாக ஓடிய முந்தைய நான்கு மாதச் சராசரியை எடுக்க வேண்டும் என்கிறது தமிழ்நாடு மின்வழங்கல் விதித்தொகுப்பின் 11-ஆவது விதி. கோடைகால உச்ச பில்லை மட்டும் எடுத்துச் சராசரி போட்டிருந்தால் இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள்.

புகார்: எங்கே, எப்படி

வாய்மொழியாகச் சொன்னதற்கு மதிப்பில்லை. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும். அங்கே பதிந்து புகார் எண்ணை வாங்குங்கள். அதோடு நிறுத்தாமல் உங்கள் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு ஒரு பக்க மனு கொடுங்கள். மின் இணைப்பு எண், மீட்டர் எண், பில் தேதி, இரண்டு ரீடிங், கடந்த ஆறு பில்களின் யூனிட், எது தவறு என்று நினைக்கிறீர்கள், என்ன திருத்தம் வேண்டும். இவ்வளவு போதும், ஆதங்கத்தை அதில் எழுத வேண்டாம். மீட்டர் படத்தை இணையுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

தீரவில்லை என்றால் உதவி செயற்பொறியாளர், செயற்பொறியாளர் என்று மேலே போகலாம். அதைவிட ஒவ்வொரு மின்பகிர்மான வட்டத்திலும் உள்ள மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனு போடுவதே நல்லது. வக்கீல் தேவையில்லை. மன்றத்தின் உத்தரவு திருப்தியாக இல்லையென்றால் சென்னையில் உள்ள மின்குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

புகார் நடக்கும்போது பணத்தை என்ன செய்வது?

கட்டாமல் விட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்திலேயே பலர் தவறான பில்லையும் கட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். 2003 மின்சாரச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. இணைப்பைத் துண்டிக்கும் முன் 15 முழு நாட்கள் எழுத்துப்பூர்வ அறிவிப்பு தர வேண்டும். கேட்ட தொகையையோ, அல்லது முந்தைய ஆறு மாதம் நீங்கள் கட்டிய சராசரிப்படி வரும் தொகையையோ, இரண்டில் குறைவானதை ஆட்சேபத்துடன் கட்டிவிட்டால், தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது.

ஆன்லைனில் பகுதித் தொகையைக் கட்ட வழி இல்லாவிட்டால் 56-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு உதவிப் பொறியாளரிடம் மனு கொடுத்து, கவுன்டரில் கட்டி, ரசீதின் நகலில் 'ஆட்சேபத்துடன் செலுத்தியது' என்று எழுதிக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். கடைசித் தேதிக்குக் காத்திருக்காமல் முதல் வாரத்திலேயே செய்யுங்கள். முழுத் தொகையையும் கட்டிவிட்டவர்களுக்கும் உரிமை போய்விடாது. கூடுதலாக வாங்கியது நிரூபணமானால் திருப்பித் தரவோ அடுத்த பில்லில் கழிக்கவோ வேண்டும். அந்தக் கழிவு அடுத்த பில்லில் வந்திருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள்.

இதோடு ஒரு பழக்கத்தையும் தொடங்கிவிடுங்கள். ரீடிங் எடுத்துப் போன 30-ஆம் நாள் மீட்டரைப் பார்த்துக் குறியுங்கள். 250 யூனிட்டைத் தாண்டியிருந்தால் இந்த முறை 500-ஐத் தொடப்போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம். 55-ஆம் நாள் இன்னொரு முறை பாருங்கள். 60-ஆம் நாளுக்குள் ரீடிங் எடுக்க வரவில்லையென்றால் அன்றைய எண்ணைப் படம் எடுத்து, அன்றே மின்னகத்தில் பதிவு செய்யுங்கள். தாமத ரீடிங்குக்குத் திருத்தம் கேட்டு மனு கொடுக்கும்போது அந்தப் படத்தையும் புகார் எண்ணையும் சேர்த்து வைக்கலாம்.